கைமாறிய பொருள்

சிக்கனத்துக்கும் கருமித்தனத்துக்கும் இடையே கோடு கிழிப்பது எப்படி என்று நம் பெரியவர்கள் நிறையச் சொல்லி வைத்திருக்கிறார்கள். சிக்கனத்துக்கும் ஏமாறுவதற்கும் இடையே உள்ள கோட்டைப் பற்றி அவ்வளவாகச் சொல்லவில்லை. அவர்கள் காலத்தில் அதற்கு அத்தனை தேவை இல்லாமல் இருந்திருக்கலாம். பொருள்கள் தம் வயதைத் தாமே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

பழைய பொருளை வாங்குவது நம் குடும்பங்களுக்குப் புதிய செய்தி அன்று. அண்ணன் படித்து முடித்த பாடப் புத்தகத்தைத் தம்பி படிப்பான். அத்தையின் பட்டுப்புடவை மருமகளின் பாவாடையாகும். சென்னையில் மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாகும் வரையில், அங்கே பழைய புத்தகம் பொறுக்காத மாணவர்கள் குறைவு. எவனோ அடிக்கோடிட்டுப் படித்த புத்தகத்தை நாம் வாங்கிப் படிப்பதில் யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை. ஏமாந்துவிடுவோமோ என்ற பயமும் இருந்ததில்லை. புத்தகத்தின் வயது அதன் முகத்திலேயே எழுதியிருக்கும். அட்டை பிய்ந்திருந்தால் தெரியும். ஏடு குறைந்திருந்தால் புரட்டிப் பார்த்தால் தெரியும். மாட்டுச் சந்தையிலும் அப்படித்தான். தரகர் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார். விலைதான் துண்டுக்குள் மறைந்திருக்கும், மாடு வெளியில் நிற்கும். வாங்குகிறவன் அதன் வாயைத் திறந்து, இரண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லா என்று பார்த்துக்கொள்ளலாம்.

பல் இல்லாத பொருளை என்ன செய்வது?

இந்தக் கேள்வி நான் கண்டுபிடித்தது அல்ல. கொல்லிமலையில், அரியூர் நாட்டில், மிளகு பயிரிடும் ஒருவர் என்னிடம் கேட்டது. அந்த மலையில் ஊர்த் தொகுதிகளை 'நாடு' என்றே சொல்கிறார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என்று இருக்கும் அந்த நாடுகளில் அரியூர் நாடும் ஒன்று. நாமக்கல் பக்கத்துச் சமவெளியிலிருந்து வருகிறவர்கள் காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மலைமேல் வரவேண்டும். வந்துவிட்டால், சில்வர் ஓக் மரங்களைக் கட்டிக்கொண்டு ஏறும் மிளகுக் கொடியும், காப்பிச் செடியும், பலாவும், அன்னாசியும் கண்ணுக்குத் தெரியும். இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டு யாரும் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். தமிழ் பேசும் மலைமக்கள் இவர்கள்.

2025 ஜூன் மாதம். அந்த மனிதரின் மகள் கல்லூரியில் கணினிப் பாடம் எடுத்துச் சேர்ந்திருந்தாள். மடிக்கணினி வேண்டும். தை, மாசியில் பறித்து உலர்த்தி விற்ற மிளகின் பணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. புதிதாக வாங்குவதென்றால் நாற்பதாயிரத்துக்குக் கிட்டத்தட்ட ஆகும் என்றார்கள். செப்பனிட்டு விற்கும் பழைய மடிக்கணினி ஒன்று 15,000 ரூபாய்க்குக் கிடைப்பதாக ஒரு கடைக்காரர் கைப்பேசியில் படம் அனுப்பியிருந்தார். மகள் அந்தப் படத்தை என்னிடம் காட்டினாள்.

"பாக்கறதுக்குப் புதுசாட்டவே இருக்குதுங்க ஐயா" என்றாள்.

அவள் தந்தைதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "மாடு வாங்கப் போனா வாயைத் தொறந்து பல்லைப் பாப்போமுங்க. இதுக்கு எதைங்க பாக்கறது?"

அறத்தைப் பற்றிய கேள்விகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன; கடைக்குப் போகிற வழியில், பையில் உள்ள பணத்தை எண்ணிப் பார்க்கும்போது.

முதலில் இந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பெங்களூரிலும் சென்னையிலும் உள்ள பெரிய நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கு ஆயிரக்கணக்கில் மடிக்கணினிகளை வாங்கியோ, குத்தகைக்கு எடுத்தோ கொடுக்கின்றன. மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் அவற்றை ஒட்டுமொத்தமாக மாற்றிவிடுகின்றன. அப்படி வெளியே வரும் கணினிகளை வியாபாரிகள் வாங்கி, துடைத்து, பழுதானதை மாற்றி, வேகமான புதிய சேமிப்புத் தகட்டைப் பொருத்தி விற்கிறார்கள். இதில் இழிவு ஒன்றும் இல்லை. அலுவலகத்துக்கென்று செய்யப்பட்ட கணினியின் உடற்கட்டு, அதே விலைக்குப் புதிதாகக் கிடைக்கும் மலிவுச் சரக்கின் உடற்கட்டைவிட உறுதியாக இருப்பதுண்டு. கழற்றிப் பூட்டவும் எளிது.

உலகத்துக்கும் இது நல்லது. ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் பூமிக்குச் செய்யும் தீங்கின் பெரும்பகுதி, அது தொழிற்சாலையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஆகவே செய்த பொருளை நெடுநாள் உழைக்க வைப்பவன் சிக்கனக்காரன் மட்டும் அல்லன், பூமிக்கு உபகாரி. நம் நாட்டில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு மேலாண்மை விதிகளும், செப்பனிடுவோரை ஒரு தனித் தொழிலினராக ஏற்றுப் பதிவு செய்யச் சொல்கின்றன.

இவ்வளவும் சரி. ஆனால் அந்த விதிகளின் கவலை குப்பையைப் பற்றியது. அரியூர் நாட்டுத் தந்தையின் கவலை வேறு.

அந்த 15,000 ரூபாய்க் கணினி ஏழாம் தலைமுறைச் செயலி கொண்டது. அதில் ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் 10. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்புவதை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொள்ளப் போவதாக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முன்பே அறிவித்திருந்தது. விரும்புகிறவர்கள் மேலும் ஓராண்டு நீட்டித்துக்கொள்ள இடம் வைத்தார்கள். ஆனால் ஓராண்டு என்பது ஓராண்டுதான், பட்டப் படிப்போ மூன்றாண்டு. அடுத்ததான விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை ஏற்பதில்லை. எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்தது 2017-இல். லினக்ஸ் போன்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பழைய கணினியை ஓட்டலாம், தெரிந்தவர்கள் ஓட்டுகிறார்கள். முதன்முதலாகக் கணினியைத் தொடுகிற பெண், பக்கத்தில் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத மலையில், கல்லூரி கேட்கும் மென்பொருள் அதில் ஏறுமா என்று தவித்துக்கொண்டிருப்பாளே!

ஜூன் மாதம் விற்கிற கடைக்காரருக்கு அக்டோபர் மாதத்துச் சங்கதி தெரியாதா? தெரியும். அந்த வகைக் கணினிகள் திடீரென்று மலிந்ததற்குக் காரணங்களில் அதுவும் ஒன்று அல்லவா? அவர் பொய் சொல்லவில்லை. படத்தில் இருந்தது அந்தக் கணினிதான். அது ஓடவும் செய்தது. ஒன்றைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவே. சொல்லாமல் விடுவது குற்றமா என்று கேட்டால், வியாபார உலகம் சிரிக்கும். "வாங்குகிறவன்தான் விசாரித்து வாங்க வேண்டும்" என்று பதில் வரும்.

ஜார்ஜ் ஏக்கர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-இல் பழைய கார்ச் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்கிறவனுக்குக் குறை தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது என்ற நிலையில், வாங்குகிறவன் எல்லாக் காரையும் சந்தேகித்து விலையைக் குறைத்தே கேட்பான். அந்த விலைக்கு நல்ல காரை விற்க யாரும் வரமாட்டார்கள். கடைசியில் சந்தையில் மட்டமான சரக்கே மிஞ்சும் என்பது அவர் வாதம். 2001-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மிளகு விற்கும் அந்த மனிதருக்கு இதைச் சொல்ல அமெரிக்க அறிஞர் வேண்டியதில்லை. மிளகில் பப்பாளி விதையைக் கலக்கும் திருட்டு அவருக்குத் தெரியும். தண்ணீரில் போட்டால் விதை மிதக்கும் என்பதும் தெரியும். அவர் மூட்டையை அவிழ்த்தவுடன் வியாபாரி ஒரு கை அள்ளி, ஈரம் இருக்கிறதா என்று பார்த்து, நசுக்கி, வாயில் போட்டு, அதற்கப்புறம்தான் விலை சொல்கிறார். அவர் விற்கும்போது அவருடைய பொருளைச் சோதிக்கிறார்கள். அவர் வாங்கும்போது சோதிக்க அவர் கையில் ஒன்றும் இல்லை.

இனி, விலையைப் பற்றி ஒன்று. 15,000 ரூபாய் என்பது எல்லாருக்கும் ஒரே தொகை என்று கணக்குப் புத்தகம் சொல்லும். வாழ்க்கை அப்படிச் சொல்வதில்லை. சென்னையில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் பேரன் விளையாட ஒரு பழைய மடிக்கணினி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் மாதத்தில் அது படுத்துவிட்டால், மாலை நடைக்குப் போகும்போது ரிச்சி தெருவில் கொடுத்துவிட்டு வருவார். முடியாது என்றால், "போகட்டும், பழைய சரக்குதானே" என்று சொல்லி வேறொன்று வாங்குவார். அரியூர் நாட்டில் அது படுத்தால், 70 வளைவும் இறங்கி நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போக வேண்டும். பஸ் கட்டணம், ஒரு நாள் வேலை. "நாளைக்கு வாங்க" என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் இரண்டு நாள் வேலை. அதற்குள் மகளின் தேர்வு வந்துவிடும். காற்றும் மழையும் அடித்து மின்சாரம் நின்றுபோனால் பாட்டரி ஒன்றுதான் துணை. அந்தப் பாட்டரியோ ஏற்கெனவே நாலு வருஷம் எவனுக்கோ உழைத்துக் களைத்தது.

மிச்சம் இருப்பவனுக்குச் சிக்கனம் ஒரு கெட்டிக்காரத்தனம். மிச்சம் இல்லாதவனுக்கு அது ஒரு பந்தயம். தோற்றாலும் சாப்பாட்டுக்கு வழி இருக்கிறவன், தோற்றால் படிப்பே நின்றுபோகிறவனைப் பார்த்து, "பணத்தை மிச்சப்படுத்தக் கற்றுக்கொள்" என்று உபதேசம் செய்வது அவ்வளவு அழகாக இல்லை.

அப்படியானால் புதியதையே வாங்கிவிட வேண்டியதுதானே? நகரத்திலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் அதைத்தான் சொன்னார். "கடனை வாங்கியாவது புதுசா வாங்கிக் கொடுங்க மாமா. நாலு பேர் முன்னால பாப்பா பழசைத் தூக்கிக்கிட்டுப் போறதா?" என்றார். அவருடைய அன்பைச் சந்தேகிக்க இடமில்லை. ஆனால் மாதத் தவணையும் ஒரு பந்தயமே. மிளகு மாதா மாதம் காய்ப்பதில்லை. தவணை மாதா மாதம் வரும். புதியது என்பதாலேயே அது உண்மையான பொருள் ஆகிவிடாது. மலிவாக வேண்டும் என்பதற்காக நினைவகத்தைக் குறைத்து, பின்னால் கூட்டவும் வழியில்லாமல் அடைத்து விற்கும் புதுக் கணினிகளும் இருக்கின்றன. பழையது கூடாது என்பது கௌரவத்தின் தீர்ப்பு. அறத்தின் தீர்ப்பு அன்று.

அவருக்கு எதிர்ப்புறம் இன்னொரு குரலும் கேட்டது. "மலையில இருக்கற புள்ளைக்கு இது போதாதா?" என்று ஒருவர் சொன்னார். 'போதும்' என்ற சொல் தமிழில் மிகவும் அழகான சொற்களில் ஒன்று. ஒருவன் தனக்குத் தானே அதைச் சொல்லிக்கொண்டால் ஞானி. அடுத்தவனைக் காட்டி, 'அவனுக்கு இது போதும்' என்று சொன்னால், அதே சொல் அவமதிப்பாகிவிடுகிறது. ஏழைக்குப் பழைய பொருளைச் சிபாரிசு செய்கிற நாம், எந்தப் 'போதும்' நம் வாயிலிருந்து வருகிறது என்று ஒரு கணம் யோசிப்பது நல்லது.

இலவசமாகக் கிடைக்குமே, காத்திருக்கலாமே என்பது மூன்றாவது யோசனை. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. மலைப்பிள்ளைகளும் அதனால் பயன் பெற்றார்கள். பின்னர் அது சில ஆண்டுகள் நின்றது. 2025 மார்ச் மாதத்து நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அந்த மனிதருக்கு அதுவும் தெரிந்தே இருந்தது. "வரும்போது வரட்டுங்க. வேற புள்ளைங்களுக்கும் ஆகும். இப்ப படிக்க வேணுமில்லைங்க" என்றார். சர்க்காரின் கொடையை அவர் இகழவில்லை. அதற்காக ஏங்கி நிற்கவும் இல்லை.

அதைக் கேட்டபோது எனக்கு இந்த மலையின் பழைய தலைவன் நினைவுக்கு வந்தான். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, கடையெழு வள்ளல்களில் ஒருவன். காட்டில் சந்தித்த பாணர் கூட்டத்துக்கு தன் பெயர் பாடப்பட்டதும் நாணி, ஊனும் பொன்னும் கொடுத்தவனாக வன்பரணர் அவனைப் புறநானூற்றில் காட்டுகிறார். அதே ஓரியை நோக்கிக் கழைதின் யானையார் பாடிய பாட்டு ஒன்றும் அந்த நூலில் உண்டு. கொடு என்று இரப்பது தாழ்வு. இல்லை என்று மறுப்பது அதைவிடத் தாழ்வு. கொள் என்று கொடுப்பது உயர்வு. வேண்டாம் என்று மறுப்பது அதைவிட உயர்வு என்று நாலு படிகளை அவர் வரிசைப்படுத்துகிறார்.

அந்த நாலு படிகளில் விற்பதும் வாங்குவதும் இல்லை. வள்ளலும் புலவனும் சந்திக்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை. ஆனால் நாமெல்லாம் வள்ளலும் அல்லோம், புலவரும் அல்லோம். நம் நாட்கள் பெரும்பாலும் கடைகளில்தான் கழிகின்றன. யோசித்துப் பார்த்தால், வாணிகம் ஒரு வகையில் கொடையைவிடச் சமத்துவமானது. கொடையில் கொடுப்பவன் கை மேலே இருக்கிறது. வாணிகத்தில் இரண்டு கைகளும் ஒரே மட்டத்தில் சந்திக்கின்றன. பணம் கொடுத்து வாங்குகிறவன் யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை. அரியூர் நாட்டுக்காரர் தம் மிளகுப் பணத்தால் வாங்க விரும்பியது கணினியை மட்டும் அல்ல, இந்த நிமிர்வையும்தான்.

ஆனால் இரண்டு கைகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டுமானால், இரண்டு பேருக்கும் ஒரே செய்தி தெரிந்திருக்க வேண்டும். ஒருவனுக்குத் தெரிந்ததை மற்றவனுக்குச் சொல்லாமல் நடக்கும் வியாபாரத்தில், விலை நியாயமாக இருந்தாலும் வியாபாரம் நியாயமாக இல்லை. அங்கே வாங்குகிறவன் தன்னை அறியாமலே இரப்பவன் ஆகிவிடுகிறான். 'நல்லதாக இருக்கட்டுமே' என்று கடைக்காரரின் மனசாட்சியிடம் கையேந்துகிறான். வணிகன் பிறர் பொருளையும் தன் பொருள்போலப் பேண வேண்டும் என்று வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தில் வைத்தாரே, கவனித்தீர்களா? அன்புடைமையிலும் ஈகையிலும் வைக்கவில்லை. கடையில் உண்மை சொல்வது தாராளம் அன்று. தராசின் முள் நேராக நிற்பதைப் போன்ற சாதாரண நேர்மை.

அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து நாலு கேள்விகளை எழுதினேன். செயலி எந்தத் தலைமுறை? கணினி செய்த வருஷம் எது? பாட்டரி புதிதில் எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு தாங்குகிறது? பழுதானால் எத்தனை மாதம் வரையில், யார் பொறுப்பு? இவைதாம் மடிக்கணினியின் பற்கள். பாட்டரியின் தேய்மானத்தைக் கணினியே அறிக்கையாக எழுதித் தரும். கேட்கத் தெரிந்தால் போதும். அவள் கைப்பேசியில் கடை கடையாகக் கேட்டாள். படம் அனுப்பிய கடைக்காரர், "அதெல்லாம் எதுக்கும்மா, நல்லா ஓடும்" என்றார். இன்னொருவர் பதிலே சொல்லவில்லை. சேலத்தில் ஒருவர் மட்டும் நிதானமாகப் பேசினார்.

"ஏழாம் தலைமுறை வேண்டாம்மா, அக்டோபருக்கு மேல உனக்குத் தொந்தரவு. எட்டாம் தலைமுறையில ஒண்ணு இருக்குது, 21,000 ஆகும். ஆனா பாட்டரி பாதிதான் தாங்கும். அதைச் சொல்லித்தான் விக்கிறேன். ஆறு மாசம் என் பொறுப்பு" என்றார். கேட்டபோது, அத்தனையையும் ரசீதில் எழுதித் தரவும் சம்மதித்தார்.

தந்தை சிறிது நேரம் பேசாமல் இருந்தார். 6,000 ரூபாய் அதிகம். பாட்டரி வேறு பாதி. ஆனால் அவர் முகத்தில் முன்பு இருந்த கலவரம் இல்லை. "கொறைய அவரே சொல்லிட்டாரே" என்றார். மிளகு வாங்க வரும் வியாபாரியிடம் இந்த மூட்டை கொஞ்சம் ஈரம் என்று தாமே சொல்லி விற்றுப் பழகியவர் அவர். சொல்லப்பட்ட குறை விலையில் கழிந்துவிடும். மறைக்கப்பட்ட குறை மனத்தில் தங்கிவிடும். மறுநாள் தந்தையும் மகளும் மலையிறங்கி அதையே வாங்கி வந்தார்கள்.

பழைய பொருளுக்கு ஒரு கடந்த காலம் உண்டு. எவனோ ஒருவன் பெங்களூரில் இரவெல்லாம் கண் விழித்து அதன் விசைகளைத் தேய்த்திருக்கிறான். அந்தத் தேய்வில் அவமானம் இல்லை. உழைத்த பொருள் அப்படித்தான் இருக்கும். அதைத் துடைத்துப் பளபளப்பாக்குவது தொழில். அதன் வயதை மறைப்பது மட்டும் தொழில் ஆகாது. செப்பனிட்ட ஒவ்வொரு கணினியின் மேலும் அது பிறந்த வருஷத்தையும், பாட்டரியின் இன்றைய பலத்தையும், எந்த ஆண்டு வரை அது பாதுகாப்பாக ஓடும் என்பதையும் தமிழில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுவதற்கு என்ன செலவு ஆகும்? ஒரு காகிதமும் கொஞ்சம் பசையும் ஆகும். சில வியாபாரிகளுக்குக் கொஞ்சம் லாபம் குறையலாம். ஆனால் 70 வளைவுகள் இறங்கி வருகிற ஒருவர், தம் மகளை அழைத்துக்கொண்டு, யார் தயவையும் எதிர்பார்க்காமல், தம் பணத்துக்குத் தாமே தேர்ந்து ஒரு பொருளை வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம்.